ஒரு பெண்ணுக்கு எத்தனை கவண்காரர்கள்

கடற்கொள்ளைக்காரர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பதிலாக மூன்று ஆண்களைத் தருகிறோம் என்று ஊரிலிருந்து சொல்லியனுப்பினார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஓரகத்தி நொரிசாவை இதே ஆட்கள் போன கோடையில் பிடித்தபோது நாலு பேரைக் கொடுத்து மீட்டார்கள். அவளுக்கு நாலு, எனக்கு மூன்று! அவளைவிட நான் எதில் குறைந்துபோனேன்? சொல்லுங்கள்.

பிடிபட்ட விதத்தைச் சொன்னால் சிரிக்கக் கூடாது. ஓடை வந்து கடலில் விழுகிற இடத்தில் என் வீட்டுக்காரன் தல்குனுக்குக் கவண்கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ட கல்லையும் பொறுக்கிவிட முடியாது. கோழிமுட்டை அளவு, முனையும் மூலையும் இல்லாமல், எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும். முதல் கல்லின் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் அடுத்த கல்லை விடும். கனம் கொஞ்சம் மாறினாலும் கல் ஆட்டை அடிக்கப் போய் ஆட்டுக்காரனை அடித்துவிடும். விடிந்ததிலிருந்து குனிந்து குனிந்து பொறுக்கி, ஆட்டுத்தோல் பாவாடையை மடித்து மடி நிறையச் சேர்த்திருந்தேன். அப்போதுதான் பாறைக்குப் பின்னாலிருந்து படகு வந்தது.

கூட வந்த பெண்கள் இரண்டு பேரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன், மடியைப் பிடித்துக்கொண்டு! ஒரு காலைப்பொழுது முழுக்கப் பொறுக்கிய கல்லை எந்தப் பைத்தியக்காரி கொட்டுவாள்? பத்தடி ஓடுவதற்குள் தடுக்கி விழுந்தேன். ஒருத்தன் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "என்னடா இது, இந்தக் கனம் கனக்கறா!" என்று மூச்சு வாங்கினான். கப்பலில் இறக்கியபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. என் இடுப்பில் சுற்றியிருந்த கவணைப் பிடுங்கிக்கொண்டார்கள். கற்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடமே விட்டுவிட்டார்கள்.

கப்பல் தலைவன் பெயர் வெல்தூர். பெரிய தொந்தி, முன்பல் ஒன்று இல்லை. அந்தப் பல்லைக் கழற்றியது எங்கள் தீவுக் கல்தான் என்று அவனே பெருமையாகச் சொன்னான். அந்த அனுபவத்தில்தானோ என்னவோ, எந்தக் கல்லும் எட்டாத தூரத்தில் கப்பலை நங்கூரம் போட்டிருந்தான். எங்கள் பேச்சு அவனுக்கு நன்றாக வரும். எனக்கு ஒரு கிண்ணம் மது ஊற்றிக் கொடுத்தான். எங்கள் தீவில் திராட்சைக் கொடி கிடையாது, மது வந்தால் கடல் வழியாகத்தான் வரும். கொள்ளைக்காரன் கொடுத்தது என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குடித்தேன்.

"ஏம்மா, உங்க ஊரு ஆம்பளைங்களுக்குப் புத்தி பிசகிப்போச்சா?" என்று கேட்டான். "ஒரு பொம்பளையைப் பிடிச்சா மூணு பேரு, நாலு பேருன்னு வந்து நிக்கறாங்களே! எங்க ஊர்ல ஒருத்தன் பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போனா, தூக்கினவனுக்கு விருந்து வெப்பாங்க."

"அதான் உங்க ஊர்ல ஒருத்தனும் வீடு தங்காம கடல்ல அலையறீங்க" என்றேன்.

அவன் தொந்தி குலுங்கச் சிரித்தான். அவனுக்கு என் மேல் ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆண்கள்தான் வேண்டும். சிசிலிச் சண்டைக்குக் கார்த்தேஜ்காரர்கள் கவண்காரர்களைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பு தைத்தாலாவது பிடுங்கிப் போடலாம், எங்கள் கல் பட்டால் வெளியே ஒரு காயமும் தெரியாது, தலைக்கவசம் நசுங்கி ஆள் உள்ளேயே முடிந்துபோவான். எங்கள் ஆண்களை நேராகப் பிடிக்க வந்தால் பல் போகும். அதனால் பெண்ணைப் பிடித்து ஆணை வாங்குவது வெல்தூரின் வழி.

உச்சி வெயிலில் ஒரு சின்னப் படகில் நொரிசா வந்தாள். போன தடவை கப்பலில் இருந்த பழக்கம், இவர்களிடம் பேசத் தெரிந்தவள் என்று ஊரார் அவளை அனுப்பியிருந்தார்கள். ஏறினதும் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். அடிகிடி ஒன்றும் படவில்லை என்று தெரிந்ததும் வெல்தூர் பக்கம் திரும்பி, "மூணு பேர் தர்றோம், இவளை விட்டுரு" என்றாள்.

"என்னது, மூணா?" என்று நான் எழுந்துவிட்டேன்.

"சும்மா இருடி."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? உனக்கு நாலு குடுத்தாங்கல்ல? நீ எனக்கு மூத்தவ, உன் முழங்காலு மழைக்கு முன்னாடியே வலிக்க ஆரம்பிச்சுடுது, உனக்கே நாலுன்னா எனக்கு நாலுக்குக் கீழ பேசலாமா? நாலு பேர் வரலைன்னா நான் இந்தக் கப்பலை விட்டு இறங்கமாட்டேன்!"

வெல்தூர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்ற மகளைக்கூட அவன் அப்படி ஆசையாகப் பார்த்திருக்க மாட்டான். "அவளே சொல்லிட்டா. நாலு. பேச்சு முடிஞ்சது" என்று தொடையில் தட்டினான்.

நொரிசா தலையில் கைவைத்துக்கொண்டு தளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு குரலே எழும்பாமல் சொன்னாள்: "நாலுன்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு? நாலு வீடு. அதுல ரெண்டு வீட்டு ஆளுங்க இன்னும் திரும்பலை. எங்க கிடக்கறாங்கன்னும் சேதி இல்லை. அடுப்புக்கு நெருப்பு கேட்டுப் போனா அந்த வீடுகள்ல அணைஞ்சுபோச்சுங்கறாங்க, புகை மட்டும் வருது. ஊத்துக்குப் போனா நான் வந்ததும் பேச்சு நின்னுபோகுது. யாரும் ஒரு வார்த்தை திட்டலைடி. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்."

ஒரு வருஷமாக அவள் யாருடனும் சேராமல் தனியாகப் போய்வந்ததை, நாலு பேர் விலைக்காரி என்கிற தலைக்கனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊர் முழுக்க அப்படிச் சொல்லியும் வைத்திருந்தேன்.

"இப்ப மூணு பேர் யாரு?" என்று கேட்டேன்.

"உன் புருஷன் சொல்றதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டான். அப்புறம் ஆட்டுக்காரக் கிழவன். அப்புறம் இந்த அறுப்புக்குக் கல்யாணம் ஆச்சே, அந்தப் பையன், அவன் பொண்டாட்டி தரையில விழுந்து அழுதுட்டு இருக்கா. மத்தவங்க எல்லாம் முன்னாடியே சிசிலியில கிடக்கறாங்க. நாலாவதா ஒருத்தர் வேணும்னா எங்க வீட்டுக்காரர்தான்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேணும்னா சொல்லு, அனுப்பறேன். எனக்காக மத்தவங்க அனுப்பினாங்கல்ல?"

அதை அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெல்தூரிடம் போனேன்.

"யோவ், நான் நாலு பேருக்குப் பெறமாட்டேன்."

"இப்பத்தானே குதிச்ச?"

"கோபத்துல குதிச்சேன். நெசத்தைச் சொல்றேன் கேட்டுக்கோ. எனக்குக் குறட்டை. பக்கத்துல படுக்கற ஆடு எழுந்து போயிடும். கடைவாய்ப் பல்லு ரெண்டு ஆடுது."

"இவ சமைச்சா நாய் மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்றாள் நொரிசா பின்னாலிருந்து. "பன்றிக் கொழுப்பை உருக்கச் சொன்னா கரிய வெச்சுட்டுப் பாட்டு பாடிட்டு இருப்பா. வாயி வேற. எங்க மாமியார் சாகறப்போகூட இவ வாயை மூடச் சொல்லிட்டுத்தான் செத்தாங்க."

உதவி செய்யத்தான் சொன்னாள், தெரியும். இருந்தாலும் அவ்வளவு உற்சாகம் தேவையில்லை.

"மூணு" என்றான் வெல்தூர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா! போன வருஷம் குடுத்த நாலு பேர்ல ஒருத்தனைப் படகுல உக்கார வெச்சுக் கடலைக் குறிபாக்கச் சொன்னா, கடலுக்கும் குறி தப்பிடும். கார்த்தேஜ்காரன் என்னைக் கேவலமா திட்டினான். ஒருத்தனை வாங்கிட்டுப் போறதுன்னா அவன் மூணு பேர் வேலை பாக்கறவனா இருக்கணும்."

"என் புருஷனா? பறக்கற நீர்க்காகத்தைக் காட்டி எந்தக் கண்ணுன்னு சொல்லு. அந்தக் கண்ணுல அடிப்பான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வெல்தூர் பேச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அப்படின்னா சரி. அதோ அந்தப் பாறை மேல மூணு காலிச் சாடி வெக்கறேன். உன் புருஷன் கரையில நின்னு அடிக்கட்டும். ஈயக்குண்டு கூடாது, அது இன்னும் தூரம் எட்டும், எனக்கு மிச்சம் இருக்கற பல்லு வேணும். நீ சுமந்துட்டு வந்தியே, அந்தக் கல்லுல மூணு குடுத்தனுப்பு. மூணு சாடியும் உடைஞ்சா அவன் ஒருத்தனை எடுத்துக்கிட்டு உன்னை விட்டுடறேன். ஒண்ணு தப்பினாலும் நாலு பேர் வரணும். வரலைன்னா உன்னை ஏத்திட்டுக் கிழக்குச் சந்தைக்குப் போயிட்டே இருப்பேன்."

நொரிசாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "அக்கா, அவன் தப்பவிட்டா நாலு பேரை அனுப்பக் கூடாது. ஒருத்தரையும் அனுப்பக் கூடாது. என்னை விட்டுடுங்க. சத்தியம் பண்ணு."

"என்னடி பேசற?"

"இன்னும் நாலு வீட்டுல நெருப்பு கேக்க என்னால முடியாது. பண்ணு."

அவள் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மடியிலிருந்த கற்களைத் தளத்தில் கொட்டி உட்கார்ந்தேன். முதல் கல்லை எடுத்தேன், உருண்டு திரண்டு அருமையாக இருந்தது. இரண்டாவது, அதற்கு இரட்டைப் பிறவி. மூன்றாவதற்குக் கை போனபோது மனசு வேறு பக்கம் போய்விட்டது. இந்த மூன்றும் பட்டால் இன்று பொழுது சாய்வதற்குள் என் தல்குன் இந்தக் கப்பலில் துடுப்பு போடுவான். அப்புறம் சிசிலி. கவண்காரனுக்குக் கேடயம் கிடையாது. எல்லாருக்கும் முன்னால் நிறுத்துவார்கள், குதிரைகள் வந்தால் அவனே ஓடித் தப்பிக்க வேண்டும். போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று இப்போதுதானே கேட்டேன்?

ஒரு கல் தப்பினால் நான் போவேன். என்னை எவனும் சண்டைக்கு முன்னால் நிறுத்தப்போவதில்லை. யாரோ ஒருத்தி வீட்டில் மாவு அரைப்பேன், திட்டு வாங்குவேன், திருப்பித் திட்டுவேன், உயிரோடு இருப்பேன். அவனும் இங்கே ஆட்டுக்குட்டிகளோடு உயிரோடு இருப்பான். வேறு என்ன வேண்டும் எனக்கு?

நான் விழுந்தபோது அவசரத்தில் வாரியதில் ஒரு கோணல் கல்லும் சேர்ந்திருந்தது. பார்வைக்கு மற்றதைப் போலத்தான் இருக்கும். கையில் வைத்தால் ஒரு பக்கம் தட்டையாக, ஒரு பக்கம் கனமாக இழுக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவன் கையில் நான் ஒரு மோசமான கல்லை வைத்ததில்லை. அதை எடுத்து மூன்றாவதாக வைத்தேன்.

நொரிசாவும் கவண்காரன் பெண்டாட்டிதானே. அந்தக் கல்லை வாங்கியதுமே அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "இசப்தா..." என்று என் பெயரைச் சொன்னாள்.

"கொண்டு போ அக்கா. கடைசியா இதைக் குடு."

அவள் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், படகில் இறங்கிப் போய்விட்டாள்.

கரையில் ஊரே நின்றது. தல்குன் தலையில் சுற்றியிருந்த நீளக் கவணை அவிழ்த்தான். நான் கோரையில் முடைந்து கொடுத்தது. முதல் கல் போனதையே நான் பார்க்கவில்லை, சாடி சிதறியதைத்தான் பார்த்தேன். கப்பலில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். இரண்டாவது சாடியும் அதேபோலப் போனது. வெல்தூர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான், பழைய ஞாபகம் போலிருக்கிறது.

மூன்றாவது கல்லை நொரிசா கொடுத்தாள். தல்குன் வாங்கினான். அப்படியே நின்றான். உள்ளங்கையில் போட்டு உருட்டினான், மறுபடியும் உருட்டினான். முகம் தெரியாத தூரம்தான், ஆனால் தலை கப்பல் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது.

"ஏன் நிக்கறான்?" என்றான் வெல்தூர்.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்கறான்" என்றேன். உள்ளுக்குள் வேறு பேசிக்கொண்டிருந்தேன். தப்பவிடுய்யா. ஒரே ஒரு தடவை தப்பவிடு. நீ குறி தப்பினா ஊரு சிரிக்காது, நான் பாத்துக்கறேன். தப்பவிடுடா என் ராசா.

அவன் நின்ற இடத்திலிருந்து ஓரமாக நகர்ந்தான். வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி விட்டான். கல் பாறையை விட்டு வெகுதூரம் இடப்பக்கமாகப் போனது. "தப்பிடுச்சு!" என்று நான் வாய்விட்டே கத்திவிட்டேன், சந்தோஷமாகக் கத்தினேன். அந்தக் கோணல் கல் நடு வானத்தில் தன் கோணல் புத்தியைக் காட்டியது. கனமான பக்கம் இழுக்க, அப்படியே வளைந்து வந்து மூன்றாவது சாடியின் வயிற்றில் விழுந்தது.

கப்பலே அதிர்ந்தது. ஆள் ஆளுக்குத் தளத்தை உதைத்துக் கூத்தாடினார்கள். வெல்தூர் என் முதுகில் தட்டி, "பொய் சொல்லலை நீ! பொய்யே சொல்லலை!" என்றான். நான் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

அந்தப் பாறைக்குப் பக்கத்தில்தான் எங்களை மாற்றிக்கொண்டார்கள். அங்கே இடுப்பளவுத் தண்ணீர். வெல்தூர் போட்ட நிபந்தனைப்படி தல்குன் தன் கவண்களையெல்லாம் கரையில் விட்டுவிட்டு வெறும் தலையோடு நடந்து வந்தான். என்னைப் படகிலிருந்து இறக்கினார்கள். கொள்ளைக்காரர்களுக்கும் கொஞ்சம் நெஞ்சு இருந்திருக்க வேண்டும், அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"அடிகிடி பட்டுச்சா புள்ள?"

"ஒண்ணும் இல்லை."

"சாப்பிட்டியா?"

"மது குடுத்தான். நல்லா இருந்துச்சு."

அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூணாவது கல்லு கோணல்" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா குடுத்த?"

"தெரிஞ்சேதான் குடுத்தேன்! உனக்கு ஒரு தடவையாவது குறி தப்பத் தெரியாதாய்யா? இவ்வளவு சொல்லியும் புரியாத மரமண்டையா நீ?"

"கையில வாங்கினதுமே புரிஞ்சுபோச்சு" என்றான். "நீ போயிடலாம்னு பாக்கற. அதான் நகந்து நின்னு அடிச்சேன்."

ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுப் படகில் ஏறிக்கொண்டான். நான் அந்தத் தண்ணீரிலேயே நின்று அவனைத் திட்ட ஆரம்பித்தேன். மடையா, பைத்தியக்காரா, பெண்டாட்டி பேச்சைக் கேட்காத தடியா என்று எனக்குத் தெரிந்த வசவெல்லாம் திட்டினேன். நொரிசா தண்ணீரில் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் பாய் விரித்து முனையைத் தாண்டும் வரைக்கும் நான் நிறுத்தவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கும்.